யாரும் எழுதாத 5

ஒரே நிரல், இரண்டு முடிவுகள்

கல்லூரி ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடிய ஜாவா நிரல் வீட்டு மடிக்கணினியில் ஏன் முரண்டு பிடிக்கிறது? நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பென் டிரைவில் அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்ததுதான். இருந்தும் ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் வல்லம், திருமலைசமுத்திரம், செங்கிப்பட்டி என்று கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே டைடல் நியோ பூங்காவும் திறக்கப்பட்டுவிட்டது. டெல்டா மாவட்டங்களில் ஜாவா எழுதுகிறவர்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்தக் கேள்வியும் அடிக்கடி எழுகிறது. வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு: "உன் கணினியில் ஏதோ கோளாறு", அல்லது "எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவு".

இரண்டும் பெரும்பாலும் தவறான பதில்கள் என்பது என் வாதம். இப்படிப்பட்ட பிழைகளில் பலவற்றில் நிரலும் சரியாகவே இருக்கும், கணினியும் சரியாகவே இருக்கும். நிரல் எழுதியவர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார். அந்த வெற்றிடத்தை வேறு யாரோ, வேறு ஏதோ ஓர் ஆண்டில், தம் காலத்துக்குப் பொருத்தமான மதிப்பால் நிரப்பி வைத்திருப்பார். அந்த மதிப்பு இன்றைய கணினிக்கு ஒத்துவராதபோதுதான் சிவப்பு வரி வருகிறது. நிரப்பியது யார் என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்தம் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும்.

கட்டுமானக் கருவியும் செருகிகளும்

ஜாவாவில் எழுதிய நிரலைக் கணினி நேரடியாக ஓட்டுவதில்லை. கம்பைலர் அதை இடைநிலை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். தேவையான பிறர் நிரல்களை இணையத்திலிருந்து கொண்டுவர வேண்டும். சோதனைகளை ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். இந்த வேலைகளை வரிசை தவறாமல் செய்துமுடிக்கும் மென்பொருளைக் கட்டுமானக் கருவி என்போம். ஜாவா உலகில் மேவன், கிரேடில் இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. மேவனின் முதல் பதிப்பு 2004-ல் வந்தது. ஆண்ட்ராய்டு செயலிகளைக் கட்டுவோர் பெரும்பாலும் கிரேடிலைப் பயன்படுத்துகிறார்கள்.

மேவன் தானாக எந்த வேலையையும் செய்வதில்லை. வரிசையை மட்டும் அது வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு துணை நிரலிடம் ஒப்படைக்கிறது. இந்தத் துணை நிரல்தான் செருகி. கம்பைலரை அழைக்க ஒரு செருகி, சோதனைக்கு ஒன்று, பொதி கட்ட ஒன்று. ஒவ்வொரு செருகியும் தனித்தனியாக வளர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிப்பு எண் உண்டு. ஆக, நாம் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் நம் நிரல், மேவன், செருகி, ஜாவா என நான்கு வெவ்வேறு காலங்களில் பிறந்தவை ஒன்றையொன்று புரிந்துகொண்டாக வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள உடன்படிக்கையைத் திட்டக் கோப்பு என்று ஒரு கோப்பில் எழுதுகிறோம். பி.ஓ.எம். கோப்பு என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான். அதில் நாம் எழுதாமல் விடும் ஒவ்வொன்றுக்கும் மேவனோ செருகியோ ஏற்கெனவே ஒரு மதிப்பு வைத்திருக்கும். அதை முன்னிருப்பு என்று அழைப்போம்.

நெல் கொள்முதல் நிரல்

ஒரு மாணவர் எழுதிய சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லுக்கு எவ்வளவு தொகை என்று அது கணக்கிட வேண்டும். மூட்டைக்கு 40 கிலோ. 50 மூட்டை வந்தால் 2,000 கிலோ, அதாவது 20 குவிண்டால். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எச்சரிக்க வேண்டும். சன்ன ரகத்துக்கு ஒரு விலை, சாதாரண ரகத்துக்கு வேறு விலை. ஐம்பது அறுபது வரிகளில் முடிந்துவிடும் வேலை. திட்டக் கோப்பிலும் திட்டத்தின் பெயர், பதிப்பு தவிர வேறொன்றும் இல்லை. ஆய்வகக் கணினியில் 2014-ல் வந்த ஜாவா 8 இருக்கிறது. வீட்டில் 2021 செப்டம்பரில் வந்த ஜாவா 17. இரண்டிலும் மேவன் 3.8. இரண்டும் விண்டோஸ்.

வீட்டில் கட்டும்போது கம்பைலர் சொல்வதன் சாரம் இது: "சோர்ஸ் 5-க்கு இனி ஆதரவு இல்லை; 7 அல்லது அதற்கு மேற்பட்டதைப் பயன்படுத்துக." அடுத்த வரியில் டார்கெட் 5 பற்றியும் அதே புகார். நிரல் எந்த ஜாவா பதிப்புக்கு எழுதப்பட்டது என்பது சோர்ஸ்; எந்தப் பதிப்பில் ஓட வேண்டும் என்பது டார்கெட். இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நிரலில் எங்கே தேடினாலும் 5 என்ற எண் இல்லை. திட்டக் கோப்பிலும் இல்லை. ஆய்வகத்தில் இருப்பது 8, வீட்டில் இருப்பது 17. இந்த 5 யாருடையது?

5 எங்கிருந்து வந்தது

பேராவூரணிப் பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி தன் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்காலோடு மேலே நடக்கிறார். மடை அடைத்திருக்கிறதா, கிளை வாய்க்காலில் மதகு இறக்கியிருக்கிறதா, கல்லணைக் கால்வாயில் எவ்வளவு விடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இடம் மட்டுமல்ல, காலமும் பின்னோக்கிப் போகிறது. 2023-ல் மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீருக்குக் கல்லணை திறந்தது ஜூன் 16-ல்தான். கடைமடையில் இன்று தெரிவது மேலே என்றோ எடுத்த முடிவின் விளைவு. கட்டுமானப் பிழையையும் இப்படி மேல்நோக்கி நடந்தே படிக்க வேண்டும். பிழை தெரியும் இடம் கம்பைலர். காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கிறது.

முதல் தடயம் பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு நீண்ட வரியில் இருக்கிறது. வேலை தோற்றதும் மேவன் ஒரு முகவரி போல எழுதும்: செருகியை வெளியிட்ட அமைப்பு, செருகியின் பெயர், அதன் பதிப்பு, அது செய்யப் பார்த்த வேலை, எந்தத் திட்டத்தில் என்பது, எல்லாம் அதே வரியில். நம் எடுத்துக்காட்டில் அந்த வரி கம்பைலர் செருகி, பதிப்பு 3.1 என்கிறது. இந்த 3.1-ஐயும் நாம் எழுதவில்லை. திட்டக் கோப்பில் செருகியின் பதிப்பு இல்லாததால், மேவன் 3.8 தனக்குள் பதிந்து வைத்திருந்த எண்ணை எடுத்துக்கொண்டது. 3.1 வந்தது 2013-ல்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மேவனை விரிவான விவரத்துடன் ஓடச் சொல்லும் ஒரு கொடி உண்டு. கட்டளையோடு ஒரு கோடும் எக்ஸ் என்ற பெரிய எழுத்தும் சேர்த்தால் போதும். அப்போது செருகி தனக்குக் கிடைத்த ஒவ்வொரு அமைப்பையும் வரிசையாகக் காட்டும். அந்தப் பட்டியலில் சோர்ஸ் 1.5 என்று தெளிவாக இருக்கும். ஜாவா 5-இன் பழைய எண்முறைப் பெயர்தான் 1.5. செருகி 3.1-ஐ எழுதியவர்கள், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா 5-க்குரிய நிரல் என்று எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்திருந்தார்கள். 2004-ல் வந்த ஜாவா 5-இல் எழுதிய நிரல்கள் அப்போதும் ஏராளம். அன்றைக்கு அது நியாயமான முடிவு. ஜாவா 8-இன் கம்பைலர் இந்த 5-ஐ ஏற்றுக்கொண்டது, வழக்கொழிந்துவிட்டது, விரைவில் நீக்கப்படும் என்ற எச்சரிக்கையோடு. ஆய்வகத் திரையில் அந்த எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்துகொண்டுதான் இருந்தது. 2017-ல் வந்த ஜாவா 9, சொன்னபடியே 5-ஐக் கைவிட்டது. பிறகு 6-ம் போனது. அதனால்தான் ஜாவா 17 "7 அல்லது மேல்" என்கிறது.

ஆக, 2004-ஐச் சேர்ந்த ஓர் எண்ணை 2013-ன் செருகி முன்னிருப்பாக வைத்தது; அந்தச் செருகியை மேவன் தேர்ந்தெடுத்தது; 2021-ன் கம்பைலர் அதை மறுத்தது. இந்தச் சங்கிலியில் யாரும் தவறு செய்யவில்லை. மாணவரும் தவறாக எதையும் எழுதவில்லை. எழுதவே இல்லை என்பதுதான் சிக்கல்.

கேட்கத் தெரியாத செருகி

திருத்தம் எளிது போலத் தோன்றும்: ஜாவா 17 என்று திட்டக் கோப்பில் எழுதிவிடலாம். இன்று பல இடங்களில் கிடைக்கும் அறிவுரை, ரிலீஸ் என்ற பண்பில் 17 என்று போடு என்பது. அது நல்ல அறிவுரையும்கூட. மொழியின் பதிப்பு, நூலகத்தின் பதிப்பு இரண்டையும் அது சேர்த்தே கட்டுப்படுத்தும். ஆனால் நம் மாணவர் அதை எழுதிவிட்டு மறுபடி கட்டினால் அதே 5, அதே சிவப்பு வரி. அறிவுரையே பொய் என்று பலர் கைவிடும் இடம் இதுதான்.

காரணம் இன்னும் மேலேயே இருக்கிறது. ரிலீஸ் என்ற பண்பைக் கம்பைலர் செருகி 3.6-லிருந்துதான் புரிந்துகொள்கிறது. 3.1-க்கு அப்படி ஒரு பண்பு இருப்பதே தெரியாது. தெரியாத பண்பைப் பார்த்தால் அது பிழை என்று கத்துவதில்லை, பேசாமல் கடந்துபோய்விடுகிறது. சொன்னோம், ஆனால் கேட்கத் தெரியாதவரிடம் சொன்னோம். எனவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்: கம்பைலர் செருகியின் பதிப்பு 3.11.0, ரிலீஸ் 17. பதிப்பை மட்டும் உயர்த்திவிட்டு ரிலீஸை விட்டுவிட்டால் சிவப்பு வரி மறையும், ஆனால் 3.11.0 தன்னுடைய முன்னிருப்பான ஜாவா 8-ஐ எடுத்துக்கொள்ளும். ஜாவா 17-இன் வசதி ஒன்றைப் பயன்படுத்தும் நாளில் அது வேறொரு பிழையாகத் தலைகாட்டும். பிழை மறைவதும் காரணம் தீர்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புள்ளி வைத்த எழுத்து

இப்போது நிரல் வீட்டில் கட்டப்படுகிறது. அடுத்து, ரசீதைத் தமிழில் அச்சிடலாம் என்று நிரலுக்குள் "நெல்", "ஈரப்பதம்", "எடை", "விலை", "தொகை" என்ற சொற்களைச் சேர்க்கிறோம். மறுபடியும் பிழை: விண்டோஸ்-1252 என்ற குறியாக்கத்தில் பொருத்த முடியாத எழுத்து. வேடிக்கை என்னவென்றால், புகார் "நெல்" இருக்கும் வரியில் வருகிறது, "ஈரப்பதம்" இருக்கும் வரியில் வருகிறது; "எடை", "விலை", "தொகை" பற்றி ஒரு சத்தமும் இல்லை. ஐந்தும் தமிழ்தானே?

கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணைதான் குறியாக்கம். இன்று உலகெங்கும் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகப் பதிவாகும். "எடை" என்பதில் எகரம், டகரம், ஐகாரக் குறி என மூன்று குறிகள். ஆக ஒன்பது எண்கள். "நெல்" என்பதில் நகரம், எகரக் குறி, லகரம், புள்ளி என நான்கு. ஆக பன்னிரண்டு எண்கள். கோப்பைச் சேமித்த எடிட்டர் யூடிஎஃப்-8-இல் சேமித்தது. ஆனால் எந்தக் குறியாக்கம் என்று திட்டக் கோப்பில் நாம் சொல்லவில்லை. எனவே செருகி கணினியைக் கேட்டது. இந்திய ஆங்கிலத்துக்கு அமைத்த விண்டோஸ் தன் மேற்கு ஐரோப்பிய அட்டவணையான 1252-ஐச் சொன்னது. அந்த அட்டவணையில் ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. கம்பைலர் தமிழ்க் கோப்பை அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு படித்தது.

1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் காலி. அவற்றில் எந்த எழுத்தும் இல்லை. தமிழ்ப் புள்ளியின் மூன்று எண்கள் 224, 175, 141. மூன்றாவது எண் காலி இடத்தில் விழுகிறது, கம்பைலர் நின்றுவிடுகிறது. உகரக் குறியின் கடைசி எண் 129, ஏ என்ற தனி எழுத்தின் கடைசி எண் 143, ஐ என்ற தனி எழுத்தின் கடைசி எண் 144. இவையும் அப்படியே மாட்டிக்கொள்ளும். "எடை"யில் இவற்றுள் எதுவும் இல்லை. அதன் ஒன்பது எண்களுக்கும் அட்டவணையில் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தோ குறியோ இருக்கிறது. கம்பைலருக்கு ஆட்சேபணை இல்லை. ரசீதில் "எடை" இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது அர்த்தமற்ற குறிகள் விழும்.

இந்த இடத்தில் நின்று யோசிப்பது பயனுள்ளது. நிரல் பிழை காட்டி நின்ற வரிகள் நமக்கு உதவி செய்தவை. அமைதியாகக் கடந்துபோன "எடை", "விலை", "தொகை" மூன்றும்தான் ஆபத்தானவை. விவசாயி ரசீதில் முதலில் பார்க்கப்போகும் சொற்கள் அவை. பிழை வந்த "நெல்"லை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர், உடைந்த ரசீதை அச்சுக்கு அனுப்புகிறார். சரியான திருத்தம் ஒரே வரி: திட்டக் கோப்பில் மூலக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதுவது. அந்த வரி இல்லாதபோது மேவன் முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. குறியாக்கம் குறிப்பிடப்படவில்லை, இந்தக் கட்டுமானம் கணினிக்குக் கணினி மாறும் என்ற பொருளில் மஞ்சள் வரி ஒன்று வரும். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு அந்த மஞ்சள் படுவதில்லை.

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18, எந்தக் கணினியானாலும் யூடிஎஃப்-8 என்பதை முன்னிருப்பாக்கியது. தமிழ், சிங்களம், இந்தி என எல்லா மொழி நிரலாளர்களுக்கும் இது பெரிய நன்மை. ஆனால் அதை நம்பி அந்த வரியை எழுதாமல் விட்டால், ஜாவா 21-இல் கட்டிய திட்டம் ஜாவா 17 வைத்திருப்பவர் கையில் மறுபடியும் புள்ளியில் தடுக்கி விழும்.

"அழித்தால் சரியாகிறதே"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினால் பல நேரம் சரியாகிவிடுகிறதே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான், சில பிழைகள் அப்படிச் சரியாகும். மேவன் தரவிறக்கிய செருகிகளை நம் கணினியில் ஓர் உள்ளூர்க் களஞ்சியத்தில் சேமித்து வைக்கிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பு பாதியில் அறுந்தாலோ, கல்லூரி வலையமைப்பு வெளி முகவரியைத் தடுத்தாலோ ஒரு செருகி வந்து சேராமல் போகும். மேவன் அந்தத் தோல்வியையும் குறித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் ஒரு நாள் கழியும்வரை மறுபடி முயலாது. இணையம் திரும்பிய பிறகும் "கிடைக்கவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். களஞ்சியத்தை அழித்தால் அந்தக் குறிப்பும் அழிகிறது, வேலை நடக்கிறது. ஆனால் அதற்காக நூற்றுக்கணக்கான கோப்புகளை மறுபடி இறக்க வேண்டியதில்லை. கட்டளையோடு ஒரு கோடும் யு என்ற பெரிய எழுத்தும் சேர்த்தால் தோல்விக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் மேவன் மறுபடி முயலும்.

நம் நெல் நிரலின் இரண்டு பிழைகளுக்கும் அழிப்பது உதவாது. அழித்து மறுபடி இறக்கினாலும் வந்து சேரப்போவது அதே 3.1, அதே 5. அழிப்பு எப்போது வேலை செய்கிறது என்று தெரியாமல் அதையே பழகிக்கொண்டால், வேலை செய்யாத நாளில் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. வேறு சில பிழைகளில் காரணம் நம் கணினியிலேயே இருக்காது. மேவனின் மையக் களஞ்சியம் 2020 ஜனவரி 15 முதல் பாதுகாப்பற்ற பழைய இணைய முறையில் வரும் கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்தியது; பழைய முகவரியை வைத்திருந்த திட்டங்கள் உலகெங்கும் ஒரே நாளில் நின்றன. சில வலையமைப்புகள் பாதுகாப்பு இணைப்பின் நடுவே தங்கள் சான்றிதழைச் செருகுகின்றன. உலாவி அதை நம்பும். ஜாவா தனக்கென வேறு நம்பிக்கைப் பட்டியல் வைத்திருப்பதால் நம்பாது. பிழைச் செய்தியில் சான்றிதழ் என்ற சொல் வந்தால் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பட்டியல். செருகியைக் குறை சொல்லிப் பயனில்லை.

முன்னிருப்பே வேண்டாமா?

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. முன்னிருப்புகள்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் என்றால் அவற்றை ஒழித்துவிடலாமே? அப்படிச் செய்தால் முதல் நிரல் எழுதும் மாணவர், ஒரு வரி ஓடுவதற்கு முன்னால் நூறு வரி திட்டக் கோப்பு எழுத வேண்டியிருக்கும். எல்லோரும் பொதுவாகச் செய்வதை எழுத வேண்டாம், மாறுபடுவதை மட்டும் எழுது என்ற கொள்கையால்தான் மேவன் இவ்வளவு பரவியது. முன்னிருப்பு கெட்டது அல்ல. அது எழுதப்பட்ட நாளில் பெரும்பாலும் சரியானதே. அதற்கு வயதாகிறது என்பதுதான் பிரச்சினை. கருவி எழுதியவர்களும் அதை எளிதில் மாற்ற முடியாது. மாற்றினால் அதை நம்பியிருந்த பழைய திட்டங்கள் உடையும். மேவன் 3.9 வந்த 2023-ல்தான் 3.1-இன் இடத்தில் புதிய கம்பைலர் செருகி அமர்ந்தது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த முன்னிருப்பை நம் திட்டம் உண்மையில் சார்ந்திருக்கிறது என்பது. நெல் நிரலைப் பொறுத்தவரை மூன்று: செருகியின் பதிப்பு, ஜாவாவின் பதிப்பு, குறியாக்கம். மூன்றையும் எழுதிவிட்டால் மற்றதை மேவனிடம் விட்டுவிடலாம்.

எழுதிய எண்ணும் பழசாகுமே என்றால், ஆகும். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, பழைய பதிப்பை எழுதி வைத்திருந்த திட்டங்கள் எல்லாம் மாற்றப்பட வேண்டியிருந்தன. ஆனால் கோப்பில் எழுதிய எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றலாம். எந்தச் செருகிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பட்டியலிடவே ஒரு செருகி இருக்கிறது. எழுதாத எண்ணை முதலில் துப்புத் துலக்க வேண்டும்.

மீதம் இருப்பது ஆய்வகத்தின் ஜாவா 8. திருத்திய திட்டத்தை அங்கே திருப்பிக் கொண்டுபோனால் ரிலீஸ் என்ற கொடியே அந்தக் கம்பைலருக்குத் தெரியாது. புரியாத வேறொரு பிழை வரும். இதற்கு என்ஃபோர்சர் என்ற செருகி உண்டு. கம்பைலருக்கு முன்பே ஓடி, ஜாவா 17-க்குக் குறைந்தால் அங்கேயே நிறுத்து என்ற விதியை அது நிறைவேற்றும். நிறுத்தும்போது காட்ட வேண்டிய செய்தியை நாமே தமிழில் எழுதலாம்: "இந்தத் திட்டத்துக்கு ஜாவா 17 தேவை." பழைய விண்டோஸின் கறுப்புத் திரை தனக்கென இன்னொரு எழுத்து அட்டவணை வைத்திருப்பதால் அந்தத் தமிழ் கேள்விக்குறிகளாகத் தெரியவும் வாய்ப்புண்டு. அப்போதும் நடுவில் உள்ள 17 மட்டும் 17 ஆகவே தெரியும். யூடிஎஃப்-8, விண்டோஸ்-1252, கறுப்புத் திரையின் பழைய அட்டவணை ஆகிய மூன்றிலும் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு ஒரே எண்கள்தான்.